போன வருஷத்து ஸ்கேன்

அன்பு மாமாவுக்கு,

போனில் சொன்னால் பயந்துவிடுவீர்கள். அதனால்தான் இன்று குவைத் திரும்பும் வேடியப்பன் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன வருஷம் என் தலைவலிக்கு எடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லையென்று வந்ததல்லவா? அந்தக் கவருக்கு விபூதி பூசி, சாமி படத்தின் பின்னால் வைத்திருந்தேன். வலி வரும்போதெல்லாம் அதைத் தொட்டுக் கும்பிட்டு மாத்திரை போட்டுக்கொள்வேன்.

ஞாயிறு காலை நம் மகளோடு கிரிவலம் போனேன். பாதி வழியில், வலப்பக்கம் இருக்கவேண்டிய மலையைக் காணோம். "மேகம் மூடிடுச்சுடி" என்றேன். "வெயில் கொளுத்துதும்மா" என்றாள். முகத்தை முழுக்கத் திருப்பிய பிறகுதான் மலை தெரிந்தது.

நேற்று வேங்கிக்காலில் இருக்கும் டாக்டரிடம் அந்தக் கவரை நீட்டினேன். அவர் பிரிக்கவேயில்லை. "அது அன்னிக்கு எடுத்ததும்மா. இப்ப புதுசா என்ன பண்ணுது?" என்றார். மலையைப் பற்றிச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். "நாளைக்கே ஸ்கேன் எடுத்துடணும். வீட்டுக்காரர் எங்க இருக்கார்?" என்று கேட்டார்.

சும்மாதான் கேட்டிருப்பார்.

ஸ்கேன் இன்று மதியம். லீவு கிடைத்தால் வாருங்கள். வந்தால் என் இடப்பக்கமாக நில்லுங்கள், மாமா. உங்களையாவது நான் தேடாமல் பார்க்க வேண்டும்.

உங்கள் மனைவி