மையில் எழுதிய குடை

என் திண்டிவனத்து எமிலி அக்காவுக்கு,

நீ போய் முப்பது நாள் ஆகிவிட்டது. நேற்று உனக்காகத் திண்டிவனம் மாதா கோயிலில் பூசை வைத்தார்கள். பஸ் பிடித்து வந்திருந்தேன். உன் படத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் யாரோ என்று நினைத்துவிட்டேன், அக்கா. ஆறு வருஷத்தில் உன்னை நேரில் பார்த்தது மூன்றே முறைதானே? எனக்குத் தெரிந்த நீ முழுக்கக் குரல்தான்.

விழுப்புரம் டெலிபோன் போர்டில் நான், திண்டிவனம் போர்டில் நீ. டிரங்க் கால் ஓய்ந்த நேரத்தில், "இன்னாடி விழுப்புரம், துன்னியா?" என்று லைனில் வருவாய். அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் இங்கே கால் புக் பண்ண வரும் மல்லாட்டைக் கடலை வியாபாரி சேட்டு எனக்குச் சொன்னதை உனக்குச் சொன்னேன். இந்தியில் 'ஆம்' என்றால் மாம்பழமாம். விழுந்து விழுந்து சிரித்தாய். மறுநாளே நீ 'கல்' கொண்டுவந்தாய்: அவர்களுக்கு நேற்றும் கல், நாளையும் கல்!

ஒட்டும் உறவும் இல்லாத பாஷைகளில் ஒரே சொல் வேறு வேறு அர்த்தத்தோடு உட்கார்ந்திருப்பதில் உனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதற்கென்றே ஒரு நோட்டுப் போட்டாய். சட்டமும் நீதான் போட்டாய். ஒரு வாய் சொன்னால் பென்சில். இன்னொரு வாயும் அதையே சொன்னால்தான் பென்சில் மேல் மை.

அப்புறம் பாண்டிச்சேரியிலிருந்து தெரேஸ் மாற்றலாகி வந்தாள். உன் பக்கத்து நாற்காலி அவளுக்கு.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிந்தது. பிரெஞ்சு தெரிந்தவள். "நாம வான்னா கிட்ட வரச் சொல்றோம், அவங்க வான்னா போகச் சொல்றாங்களாம்டி! பூன்னா பேனாம்டி! தலையில வெக்கிறதும் தலையில ஊர்றதும் ஒண்ணாப் போச்சு!" என்று நீ மூச்சுவிடாமல் சொன்னபோது, நான் சிரித்தது வெறும் சத்தம். உன் பேச்சில் பத்துக்கு ஒன்பது 'தெரேஸ் சொன்னா'. உன் டப்பாவிலிருந்து மீன் குழம்பு எடுத்துச் சாப்பிடுகிறவள் அவள். எனக்கு உன் வீட்டுக் குழம்பின் வாசனைகூடத் தெரியாது.

அந்த எரிச்சலில்தான் ஒருநாள் சொன்னேன்: "அக்கா, சேட்டு பாஷையில குடைன்னா கல்யாணமாம்." சுத்தப் பொய். வாயில் வந்ததைச் சொன்னேன். "அடி ஆத்தே!" என்று நீ கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அன்று முழுக்க தெரேஸ் பேரையே நீ எடுக்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. இன்னொரு வாய் இதைச் சொல்லப்போவதில்லை, பென்சிலிலேயே கிடந்து அழியட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. லைனில் தெரேஸின் குரல்தான் வந்தது.

நேற்று பூசை முடிந்து அவளே என்னைத் தேடி வந்தாள். ஒல்லியாக, கண் வீங்கி நின்றாள். கையில் உன் நோட்டு.

"ராஜி அக்கா, இது உங்களுக்குத்தான் சேரணும்," என்றாள்.

"ஏன், நீதானே கூட இருந்தே?" என்றேன். குரலில் இருந்த முள் எனக்கே கேட்டது.

அவள் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். "பாருங்க. என்னுது எல்லாம் இன்னும் பென்சில்லயே கெடக்குது. நீங்க சொன்னா மட்டும் அன்னிக்கே இங்க்ல எழுதிடுவாங்க. 'ராஜி சொன்னா இன்னொரு வாய் எதுக்குடி'ன்னுவாங்க. நான் பக்கத்துலயே குந்திக்கினு இருப்பேன். உங்க மேல எம்மாம் பொறாமை தெரியுமா எனக்கு?"

குடை. கறுப்பு மையில், அடிக்கோடு போட்டு.

நான் என்ன செய்தேன் தெரியுமா, அக்கா? நோட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். பாதி வழி தாண்டும்வரை ஜெயித்துவிட்டேன் என்றுகூட ஒரு சந்தோஷம் இருந்தது. அதற்கப்புறம்தான் அழுகை வந்தது. என்னை ஏன் அப்படி நம்பினாய்? ஒரு தடவையாவது யாரையாவது கேட்டிருக்கக் கூடாதா?

இன்று காலை டியூட்டிக்கு வந்தேன். திண்டிவனத்துக்கு நாலு கால் போட்டேன். நாலு தடவையும் தெரேஸ்தான் எடுத்தாள், நாலு தடவையும் நம்பரை மட்டும் சொன்னேன்.

நாளைக்குத் தெரேஸிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன், அக்கா. உன்மேல் ஆணை. குடையை என் கையாலேயே அடித்துவிட்டு, நோட்டை அவளிடமே கொடுப்பேன். கொடுக்க எனக்கு மனசே இல்லை, ஆனாலும் கொடுப்பேன். இனிமேல் நான் என்ன சொன்னாலும் பென்சிலில் எழுது என்று அவளிடம் சொல்வேன்.

உன் மைக்குத் தகாத தங்கச்சி,
ராஜி,
விழுப்புரம் போர்டு.