இடது கைக்குச் சேதி போகவில்லை

மார்ச் 4
அக்கா இன்றும் விழுந்தாள். அவள் கீபோர்டு சொல்லிக்கொடுக்கும் இசைப் பள்ளியில், பிள்ளைகள் கண்ணெதிரே. வலிப்பு வந்தால் வெட்டிய மரம் மாதிரி சாய்கிறாள்; கை ஊன்றக்கூட நேரமில்லை. கீபோர்டு விளிம்பில் இடித்து முன்பல் பாதி போயிற்று. நான் அச்சகத்திலிருந்து ஓடிப் போய் நின்றபோது, பள்ளியை நடத்தும் மேடம் தரையைத் துடைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவளைத் தூக்கச் சொல்லவில்லை.

மார்ச் 11
மூளை டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். மூளையின் இரண்டு பாதிக்கும் நடுவே ஒரு நரம்புப் பாலம். சேதியெல்லாம் அதன் வழியாகத்தான் போய்வருமாம். வலிப்பும் அதன்மேல்தான் குறுக்கே ஓடுகிறதாம். எந்த மாத்திரைக்கும் அடங்காததால் பாலத்தை அறுத்துவிடலாம் என்கிறார்.

"உங்களுக்கு இந்தப் பாலம் நல்ல தடிமனா இருக்கும்மா. சின்ன வயசுலயே ரெண்டு கையாலயும் வாசிக்க ஆரம்பிச்சவங்களுக்கு இப்படி இருக்கறதுண்டு."

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள், பாதிப் பல்லோடு. "இத்தனை வருஷமா வலிப்புக்கு ரோடு போட்டுக் குடுத்திருக்கேன் பாருடா."

பிறகு அவரிடம் கேட்டாள்: "வாசிக்க முடியுமா டாக்டர்?"

"கை கொஞ்ச நாள் தகராறு பண்ணும். அப்புறம் வாசிப்பீங்க."

ஏப்ரல் 2
அறுத்தாயிற்று.

ஏப்ரல் 19
வலது கை பொத்தானைப் போடுகிறது. இடது கை பின்னாலேயே வந்து கழற்றுகிறது. "சும்மா கெட, சனியனே" என்று இடது கையைத் தொடைக்கடியில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நானும் அவளும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை.

மே 23
வாசித்துவிட்டாள். பழைய பாட்டு, இரண்டு கையும் சேர்ந்து, பிசகே இல்லை. அறுத்ததிலிருந்து ஒரு தடவைகூட விழவும் இல்லை.

ஜூன் 3
பள்ளி முன்கூடத்தில் பெரிய பேனர்: 'எங்கள் ஆசிரியை மீண்டு வந்தார்'. படத்தில் அக்காவின் இரண்டு கையும் கட்டைகள்மேல். தரையைத் துடைக்கச் சொன்ன அதே மேடம் பூங்கொத்து கொடுத்தார். விளம்பரத்துக்கு ஒரு நோயாளி வசமாகச் சிக்கிவிட்டாள்.

ஜூலை 15
இந்த வருடத்துப் புதுப் பாடம். வலது கை தனியாக வாசிக்கிறது. இடது கையும் தனியாக வாசிக்கிறது. சேர்த்தால், வலது எங்கே போகிறதென்று தெரியாமல் இடது தடுமாறுகிறது. ஒரு மாதமாக முதல் வரியைத் தாண்டவில்லை. எட்டு வயதுப் பிள்ளைகளுக்கான பாடம்.

அச்சகத்தில் நான் வலது கையால் தாளை மடித்தால், சொல்லாமலே இடது கை வாங்கி அடுக்குகிறது. இன்று அதைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

ஆகஸ்ட் 6
டாக்டரிடம் போனேன்.

"பழகினது நிக்கும். ரெண்டு கையையும் சேர்த்துப் புதுசாப் பழகறதுதான் கஷ்டம்."

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்?"

"விழறத நிறுத்தணும்னுதானே தம்பி வந்தீங்க? நின்னுடுச்சுல்ல?"

நின்றுவிட்டதுதான். யாருக்கு வைத்தியம் பார்த்தார் — விழுகிறவளுக்கா, வாசிக்கிறவளுக்கா? ரெண்டும் ஒருத்திதானேய்யா.

செப்டம்பர் 1
வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். "முன்னால வரவேற்பு மேசையில உக்காரட்டும், நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி" என்றாராம் மேடம்.

அம்மா சொன்னாள்: "விழாம இருக்கியே, அது போதும்டி."

அக்கா: "விழுந்தா எழுந்திருச்சுக்கலாம்மா."

செப்டம்பர் 20
அக்காவைக் கூட்டிவரப் போனேன். பேனரை இன்னும் கழற்றவில்லை. அதற்கு நேர் கீழேதான் அவளுடைய மேசை. உள்ளே பிள்ளைகள் புதுப் பாடம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய வலது கை மேசைமேல் கூடவே ஓடிக்கொண்டிருந்தது, ஓரிடமும் தப்பாமல். இடது கை தொடைக்கடியில் இருந்தது.