கவர் போட்ட மீட்டர்

ஜூன் 2

என் அருமை மருமகளே,

நீ வெளிநாட்டிலிருந்து அனுப்பிய விஷவாயு மீட்டர் வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரிக்க ஆலையே கூடிவிட்டது. முதலாளி எட்டிப் பார்த்து, "என்னய்யா, ராக்கெட்டா?" என்றார். "கிட்டத்தட்ட" என்றேன். மனுஷன் எனக்கு சலாம் போட்டார். நம்பு.

கழிவுத் தொட்டிக்குள் உங்கப்பா இறங்கினால் மேலே தொட்டி வாயருகே காவல் நான்தான். முதலில் மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்குகிறேன். இவ்வளவு ஒசத்தியான சாமானில் சேறு படலாமா? பிளாஸ்டிக் கவரில் போட்டு ரப்பர் பேண்டால் இறுக்கிவிட்டேன். உங்கப்பா, "அந்தப் பொடி ஓட்டையெல்லாம் எதுக்கோ வச்சிருப்பான், அதையும் சேத்துப் பொத்துறியே" என்றார். "அழகுக்கு வச்சிருப்பான் மச்சான், நீங்க இறங்குங்க" என்றேன்.

இதுவரை அது ஒரு தடவைகூடக் கத்தவில்லை. நம் தொட்டிக் காற்று அவ்வளவு சுத்தம்!

வீராதிவீரன்,
உன் மாமா

ஜூன் 11

அன்புள்ள மாமா,

உடனே கவரைக் கழற்றுங்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் மீட்டருக்குக் காற்று போகும். பொத்திவிட்டால் அது வெறும் டப்பா. ஆலைக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன், யாருமே எடுக்கவில்லை.

அப்பாவோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். பதில் வராவிட்டால் ஆள் கூப்பிட்டுக் கயிற்றால் இழுங்கள், நீங்கள் உள்ளே குதிக்காதீர்கள். உங்களை நம்பித்தான் அவரை அங்கே விட்டிருக்கிறேன்.

உங்கள் செல்ல மருமகள்

ஜூலை 1

மருமகளே,

நீ வந்து அப்பாவை அடக்கம் செய்துவிட்டு, என் முகம் பாராமல் விமானம் ஏறிய பிறகுதான் உன் கடிதம் கிடைத்தது. அதில் 'அன்புள்ள' என்று எழுதியிருக்கிறாய்.

நான் குதித்து அவரைத் தூக்கியதாக எல்லாரும் சொல்வார்கள். அவர்களிடம் சொன்னவன் நான்தான். குதிக்கவில்லை. முதலாளி சலாம் போட்ட கதையைத் தொட்டிக்குள் குனிந்து சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து சிரிப்பு வரவில்லை. கேட்டுக் கேட்டு அவருக்குச் சலித்துவிட்டது போல என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். மீட்டர்தான் கத்தவில்லையே.

நேற்று கவரைக் கழற்றி அதை இறக்கினேன். கை நீளம்கூடப் போகவில்லை, அலறிவிட்டது. மேலே தூக்கிய பிறகும் என் காதில் நிற்கவில்லை.

மீட்டரைத் திருப்பி அனுப்புகிறேன். பதில் போட வேண்டாம். இந்தக் கடிதத்தில் நான் எதையும் சேர்க்கவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மாவின் தம்பி