ஒழுகாத கார்

மாமா,

இன்று காலை காரை வெளியே எடுத்ததும் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை தெரிந்தது. நேற்றுத்தான் சர்வீஸ் முடிந்து வந்த வண்டி. முழங்கால் வலியோடு குனிந்து, விரலால் தொட்டு, மூக்கருகே கொண்டுபோனேன். எஞ்சின் ஆயில்தான். பழைய ஆயிலாக இருந்தால் கறுத்திருக்கும். இது தேன் நிறத்தில் இருந்தது. புதிதாக ஊற்றியதுதான் எங்கோ கசிகிறது.

சமையலறை ஜன்னல் வழியே உங்கள் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒழுகுதா?” என்று கேட்டாள். “ஆமா” என்றேன். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் அந்த நேரத்தில் உங்களைத்தான் நினைத்தோம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். சர்வீஸ் செய்தவர்களுக்கு போன் செய்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஆள் அனுப்புகிறார்களாம். அதுவரை இதை எழுதலாம் என்று தோன்றியது.

மாமா என்ற சொல்லை உங்கள் முகத்துக்கு நேரே நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ‘சார்’ என்றுதான் கூப்பிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் எல்லோரும் உங்களை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நானும் அவர்களில் ஒருவனைப் போலவே இருந்துவிட்டேன்.

எண்பதுகளின் நடுவில் உங்கள் மகள் எங்கள் மில் ஆபீசில் டைப்பிஸ்ட். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் வருவாள். நான் அதே நூல் மில்லில் மெஷின்களைப் பராமரிக்கிற சூப்பர்வைசர். உங்கள் வீட்டில் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவீர்கள். எங்கள் வீட்டில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம். இரண்டு வீட்டாரும் சம்மதிக்காமல்தான் ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டோம். என் வீட்டில் ஒரு வருஷத்தில் கோபம் ஆறியது. உங்களுக்கு மட்டும் ஆறவில்லை. “அவ பேர இந்த வீட்டுல யாரும் எடுக்கக் கூடாது” என்று சொன்னீர்களாம். கோர்ட்டுக்கு நீங்கள் போன பிறகு அத்தை மட்டும் எப்போதாவது பஸ் ஏறி வந்து, மகளைப் பார்த்துவிட்டு, நீங்கள் திரும்புவதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

அப்படியே சில வருஷங்கள் போயின. ஒருநாள் மத்தியானம் வேலையாக மொபெட்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்க்கொண்டிருந்தேன். சாலையோரப் புளியமர நிழலில் உங்கள் வெள்ளை அம்பாசடர் நின்றது. பானட் திறந்திருந்தது. நீங்கள் கறுப்புக் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, வருகிற வண்டிகளைப் பார்த்தபடி நின்றீர்கள். என்னை அடையாளம் தெரிந்ததும் முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். நான் உங்களைக் கடந்து கொஞ்ச தூரம் போய்விட்டேன். பிறகு திரும்பி வந்தேன்.

“என்னாச்சு சார்?”

“ஒண்ணுமில்ல. நீங்க போங்க.”

காருக்கு அடியில் எண்ணெய் குட்டை கட்டியிருந்தது. “ஆயில் லைட் சிவப்பா எரிஞ்சுதா?” என்று கேட்டேன். எரிந்த உடனேயே எஞ்சினை நிறுத்திவிட்டதாகச் சொன்னீர்கள். அதனால்தான் எஞ்சின் பிழைத்தது. அன்று காலையில்தான் ராஜபாளையத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆயில் மாற்றி, ஃபில்டர் மாற்றி எடுத்து வந்திருக்கிறீர்கள். நான் மண்ணில் படுத்து, சூடு ஆறக் காத்திருந்து ஃபில்டரைக் கழற்றினேன். பழைய ரப்பர் வளையம், ஃபில்டர் உட்காரும் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்காமல் அதன் மேலேயே புது வளையத்தை வைத்து முடுக்கியிருந்தார்கள். ஒன்றின்மேல் ஒன்று எப்படி உட்காரும்? பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதியதைத் துடைத்து மாட்டினேன். பிறகு மொபெட்டில் போய் ஆயில் டின் வாங்கி வந்து ஊற்றினேன். அவ்வளவு நேரமும் நீங்கள் என் பெயரையோ உங்கள் மகளின் பெயரையோ சொல்லவில்லை. கிளம்பும்போது மட்டும், “அந்த ஒர்க்‌ஷாப்காரன்கிட்ட நீங்களும் வந்து இதச் சொல்ல முடியுமா?” என்றீர்கள்.

மறுநாள் இரண்டு பேரும் போனோம். ஒர்க்‌ஷாப்காரர் பார்த்த பார்வையிலேயே தட்டிக்கழித்தார். “ஐயா, பழைய வண்டின்னா செத்த ஒழுகத்தான் செய்யும்.”

நீங்கள் குரலை உயர்த்தவில்லை. “முந்தாநாள் ஒழுகுச்சா?”

“எனக்கு எப்படிய்யா தெரியும்?”

“எனக்குத் தெரியும். ஒழுகல. நேத்து ஒங்ககிட்ட விட்டேன். நேத்தே ஒழுகுச்சு. வண்டி ஒரே நாள்லயா பழசாச்சு?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள், மாமா. உங்கள் முகத்திலும் சிரிப்பு வரப் பார்த்தது. நீங்கள் அதை அடக்கிக்கொண்டீர்கள்.

அதற்குப் பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. ஃபில்டர் சரியாகிவிட்டது, ஆனால் எஞ்சினின் பக்கவாட்டு மூடியில் இன்னொரு கசிவு இருந்தது. ஒவ்வொரு சர்வீஸிலும் அதை முடுக்கு முடுக்கு என்று முடுக்கித் தகடே வளைந்துபோயிருந்தது. மாதம் ஒருமுறை சர்ச் முடிந்ததும் நீங்கள் ராஜபாளையம் வருவீர்கள். எங்கள் வீட்டு வாசலுக்கு வர மாட்டீர்கள். தெருமுனை வேப்பமரத்தடியில் நிறுத்தி ஒரே ஒரு ஹாரன். நான் ஸ்பேனரும் பழந்துணியுமாக ஓடி வருவேன்.

“ஆயில் கொறஞ்சிருக்கு, பாருங்க.”

அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துக் காட்டுவேன். ரேடியேட்டர் தண்ணீர், பாட்டரித் தண்ணீர் எல்லாம் பார்ப்போம். பிரேக் ஆயில் டப்பாவைத் திறக்கும்போது தூசி விழாமல் நீங்கள் கைக்குட்டையைக் குடை மாதிரி பிடித்துக்கொள்வீர்கள். கசிகிற இடத்தைத் துடைத்து, ஒரு மாதத்துக்குத் தாங்குகிற மாதிரி எதையாவது செய்து அனுப்புவேன். வேலை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஒரு மணி நேரம் ஆகும். அவசரப்பட இரண்டு பேருக்கும் மனமில்லை. எண்ணெயைத் தவிர வேறெதையும் நாம் பேசியதும் இல்லை.

உங்கள் மகள் கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். காபி போட்டு என்னிடம் கொடுத்துவிடுவாள். முதல் தடவை நீங்கள் ஒரு வாய் குடித்துவிட்டு, “சீனி கூடுதல்” என்றீர்கள். நான் போய்ச் சொன்னேன். அடுத்த மாதம் குறைத்துப் போட்டாள். “டாக்டர் சீனியே கூடாதுங்காரு” என்றீர்கள். அதற்கடுத்த மாதம் சீனியே இல்லாமல் வந்தது. நீங்கள் குடித்து முடித்து, காலி டம்ளரைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தீர்கள். அப்பாவும் மகளும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். நடுவில் நான் டம்ளரைச் சுமந்துகொண்டு நடந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்றபோது நீங்கள் வந்துவிட்டீர்கள். அவள் வயிறு அப்போது நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. உள்ளே ஓடவும் முடியாமல் அங்கேயே நின்றாள். நீங்கள் பானட்டைத் தூக்கி அதற்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டீர்கள்.

“எத்தன மாசம்?”

“அஞ்சு, சார்.”

பிறகு, “பிரேக் ஆயில் பாத்தாச்சா?” என்றீர்கள். நான் ‘இதோ பாக்கேன் சார்’ என்று சொல்லியிருக்கக் கூடாது. ‘வீட்டுக்கு வாங்க மாமா’ என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்கென்றே அமைந்த நேரம் அது. நான் டப்பாவைத் திறந்து எண்ணெய் மட்டத்தைப் பார்த்தேன்.

அந்த வாரம் எனக்கு ஒரு யோசனை வந்தது. மாசம் மாசம் துடைத்துக்கொண்டிருப்பது ஒரு வேலையா? உங்களுக்கு என்னால் ஆன நல்ல காரியமாக இதை முழுசாகச் சரிசெய்து கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். மதுரையிலிருந்து மூடிக்கு அடியில் வைக்க நல்ல கார்க் பாக்கிங் வாங்கிவரச் சொன்னேன். அடுத்த முறை நீங்கள் வந்தபோது காரை இரண்டு நாள் என்னிடம் விட்டுவிட்டு பஸ்ஸில் போகச் சொன்னேன். வளைந்த மூடியை மில் பட்டறையில் தட்டித் தட்டி மட்டம் பார்த்து நிமிர்த்தினேன். மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, கீழே வெள்ளைத் துணி விரித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. மாப்பிள்ளையாகக் கொடுக்க முடியாத ஒன்றை உங்களுக்கு மெக்கானிக்காகக் கொடுத்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

காரை எடுக்க வந்தபோது நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே குனிந்து பார்த்தீர்கள்.

“சுத்தமா நின்னுருச்சே.”

“இனி பயமில்லாம ஓட்டலாம், சார். அந்த ஒர்க்‌ஷாப்ல மட்டும் விட்றாதீக. விட்டா மறுபடி எங்கயாச்சும் ஒழுக வச்சிருவான்.”

“அப்ப இனிமே ஒங்களுக்குத் தொந்தரவு இல்ல.”

“ஆமா, சார்” என்றேன். ஆமாவாம்! இன்றைக்கும் அந்த ஒரு சொல்லை நினைத்தால் தூக்கம் கெடுகிறது.

அடுத்த மாதம் நீங்கள் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சீனி போடாத காபி ஆறிப்போய், அதை நான் குடித்தேன். “அம்புட்டு நல்லா வேல பாத்துட்டீக. அப்பா வாரத நிப்பாட்டிட்டீக” என்றாள் உங்கள் மகள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், சிரிப்பு பாதியில் நின்றது. “நாம போயிட்டு வருவமா?” என்றும் ஒருமுறை கேட்டாள். “என்னன்னு சொல்லிட்டுப் போறது?” என்றேன். எனக்கும் போக ஒரு காரணம் வேண்டியிருந்தது. கார்தான் நன்றாக ஓடுகிறதே.

எங்களுக்கு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரிக்கு அத்தை மட்டும் வந்தார்கள். இந்தத் தடவை ஒளிந்து வரவில்லை. உங்களிடம் சொல்லிக்கொண்டே வந்திருந்தார்கள். “போயிட்டு வா” என்று மட்டும் சொன்னீர்களாம். குழந்தை யார் சாயல் என்று திரும்பிப் போனதும் கேட்டீர்களாம். இதையெல்லாம் அத்தை பிறகுதான் சொன்னார்கள்.

குழந்தைக்கு முகம் பார்த்துச் சிரிக்கத் தெரிந்த சமயம், ஒருநாள் காலையில் மில்லுக்கு போன் வந்தது. கோர்ட்டுக்குக் கிளம்பிய நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் மகள் அந்த வீட்டு வாசலில் கால் வைத்தது அன்றைக்குத்தான். யாரும் அவளைத் தடுக்கவில்லை. கூடத்தில் உங்கள் காலடியில் உட்கார்ந்து, “அப்பா, நான் வந்திருக்கேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அடக்கமெல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு அத்தை என்னைக் கார் நின்ற இடத்துக்குக் கூட்டிப்போனார்கள்.

“மாப்ள, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். வண்டி நல்லாத்தான ஓடுச்சு?”

“நல்லாத்தான் ஓடுச்சு அத்தை.”

“பொறவு எதுக்குப் போன வாரம் சர்வீஸுக்கு விட்டாக? நீங்க வேண்டாம்னு சொன்ன அதே ஒர்க்‌ஷாப்புல. ஆயில் மாத்தி ரொம்ப நாள்கூட ஆகல. எதுக்குன்னு கேட்டேன், பதிலே இல்ல. கொண்டாந்து நிறுத்திட்டுத் தெனமும் காலைல குனிஞ்சு குனிஞ்சு கீழ பாப்பாக. ‘ஒரு சொட்டுக்கூட இல்லியே’ன்னு சொன்னாக. சந்தோசமாச் சொன்ன மாதிரி இல்ல மாப்ள, அதான் கேக்கேன்.”

தரையில் உட்கார்ந்து காருக்கு அடியில் பார்த்தேன். சிமென்ட் காய்ந்து கிடந்தது. ‘ஒரே நாள்லயா பழசாச்சு?’ என்று அன்றைக்கு நீங்கள் கேட்டதை மறக்காமலோ என்னவோ, அந்த ஒரு தடவை ஒர்க்‌ஷாப்காரர் பழைய வளையத்தை எடுத்துவிட்டு, மூடியை அளவாக முடுக்கி, வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார்.

பின்னால் உங்கள் மகள் குழந்தையோடு வந்து நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. அத்தை சொன்ன எல்லாவற்றையும் அவள் கேட்டிருக்கிறாள். பின்கதவைத் திறந்து சீட்டில் உட்கார்ந்தாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, முன்னால் நீங்கள் உட்காரும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் குறைந்த பிறகுதான் இறங்கினாள். அந்தக் காரை அத்தை விற்கும்வரை அதில் அவள் மறுபடி ஏறவில்லை.

நான் நினைக்கிறது சரிதானா மாமா? ஒழுகினால் அதைச் சாக்காக வைத்துப் பேத்தியைப் பார்க்க வரலாம் என்றுதான் காரை அங்கே விட்டீர்களா? இல்லை, வயதானவர் மறதியாக விட்டதற்கு நான் அர்த்தம் கற்பித்துக்கொண்டு இத்தனை வருஷம் நோகிறேனா? கோர்ட்டில் அத்தனை பேருக்காகப் பேசியவர் நீங்கள். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. நீங்களும் அந்த பஸ்ஸில் ஏறவில்லை, நானும் ஏறவில்லை.

உங்கள் பேத்தியைத் தளவாய்புரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவளாகப் பார்த்துச் சொன்ன பையன். நாங்கள் மறுபேச்சுப் பேசவில்லை. தோன்றும்போதெல்லாம் பஸ் ஏறி அங்கே போய்விடுகிறேன். கையில் எதுவும் கொண்டுபோவதில்லை, முன்கூட்டிச் சொல்வதும் இல்லை. முதல் தடவை அப்படிப் போய் நின்றபோது மருமகன் பதறிப்போனான்.

“என்ன மாமா, திடுதிப்புன்னு? எதுவும் சோலியா?”

“ஒரு சோலியும் இல்ல மாப்ள. சும்மாத்தான் வந்தேன்” என்றேன்.

சொல்வதற்கு அது அவ்வளவு லேசாக இருந்தது, மாமா.