அவுட்பர்ஸ்ட் என்று எழுதினாயே

நாராயணுக்கு ஆத்தா எழுதுவது.

நீ கோழை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இங்கே என் கால்வீக்கம் வடிந்துவிட்டது, மற்றபடி சுகம். டொராண்டோவில் நீங்கள் சுகமாக இருப்பதை உன் மனைவி அனுப்பும் போட்டோக்களில் பார்க்கிறேன். பேத்திக்குப் பல் முளைத்ததும் அப்படித்தான் தெரியும்.

பங்காளிகள் வாட்ஸாப் குழுவில், "ஆத்தாவுக்கு அப்பப்ப இப்படி அவுட்பர்ஸ்ட் வரும், யாரும் பெரிசா எடுத்துக்கிடாதீக" என்று எழுதினாயே, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எதிர்வீட்டு டீச்சர் சத்தியப்பிரியாவிடம் கேட்டேன். காரணம் தெரியாமல் திடீரென்று பொங்கி வெடிப்பதாம். சிரிப்புக்கும் அழுகைக்கும் சொல்வார்களாம், கோபத்துக்குத்தான் அதிகமாம். தன்னை அடக்கத் தெரியாதவர் என்ற குத்தலும் அதில் உண்டு என்று தயங்கித்தான் சொன்னாள். உன்னைப் பெற்ற அப்பச்சி சோற்றுத்தட்டை என் மேல் எறிந்தபோது இந்தச் சொல் உனக்கு வரவில்லை. "அப்பச்சி டயர்டா இருக்காக" என்றாய்.

சோமு உனக்கு அனுப்பிய வீடியோ நான் கத்துவதில் ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் நடந்ததைக் கேள். நம் வீட்டை ஓட்டலாக்கி நடத்தும் அவன், அன்று முன்கட்டில் வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு இலை போட்டிருந்தான். உள்கட்டு அடுப்பில் சீயம் சுட்டுக்கொண்டிருந்த சின்னத்தாயியின் கையில் எண்ணெய்ச் சட்டி சரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகக் கார் நின்றது முன்வாசலில். சோமுவோ, "சாப்பிடுறவுக நடுவுல கூட்டிட்டு வராதீக ஆச்சி, பின்வாசலுக்குப் போங்க, ஆட்டோ சொல்லிருக்கேன்" என்றான். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. பின்தெரு வெயிலில் நின்றோம், ஆட்டோ வரவே இல்லை. தோல் உரிந்து தொங்குகிறது, அவள், "விருந்து முடியட்டும் ஆச்சி, ஐயா கோவிச்சுக்குவாக" என்கிறாள். அதற்குப் பிறகுதான் அவளை இழுத்துக்கொண்டு, இலைகளை மிதித்துக்கொண்டு, கத்திக்கொண்டே முன்வாசலுக்குப் போனேன்.

உனக்குச் சோறு ஊட்டிய கை அது. இப்போது விரல்கள் ஒட்டிக் கிடக்கின்றன. "அந்தக் கையால பரிமாறுனா யாரு சாப்பிடுவா?" என்று சோமு வேறு ஆள் வைத்துவிட்டான். அவனிடம்தான் நீ மன்னிப்புக் கேட்டிருக்கிறாய்.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. பிள்ளையார் நோன்பு வருகிறது, மாவில் ஏற்றிச் சுடரோடு விழுங்கும் இழையை எடுத்துக்கொள்ள மறக்காதே. உன் குடும்பம் குறையில்லாமல் இருக்கட்டும்.

உன் ஆத்தா,
தேனம்மை

அதே குழுவில், அதே ஆட்கள் பார்க்க, நாங்கள் பின்தெருவில் நின்றதையும் எழுது. போன வாரமே போனில் இதைக் கேட்டு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, படித்துவிட்டாய். எழுதுவாயா?