மூன்று சென்சாரும் ஒரு வெள்ளை டேப்பும்

லேர்,
ஆகஸ்ட் 9

அன்புள்ள டோம்கே,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கிழி. உறையைத் தூக்கிப் போட்டுவிடாதே, உள்ளே ஒரு பொருள் இருக்கிறது.

இங்கே எல்லாரும் சுகம் என்று எழுத ஆசைதான். நீ கோபித்துக்கொண்டு பிரேமனுக்குப் போன நாளிலிருந்து உன் அம்மா எனக்கு இரண்டு கோப்பை டீதான் ஊற்றுகிறாள். மூன்றாவதற்குக் கோப்பையை நீட்டினால் கூஜாவோடு எழுந்து போய்விடுகிறாள். இந்த ஊரில் வரி அதிகாரி வந்தால்கூட மூன்று கோப்பை உண்டு. முப்பத்தோரு வருஷம் குடித்தனம் நடத்தியவனுக்கு இரண்டுதான்.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். நீ ஹூசும் போய்த் திரும்பிய அன்று ஆயில் மீட்டரின் முள் பூஜ்யத்தில் கிடந்தது. ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓட்டி எஞ்சினை நாசமாக்கிவிட்டாய் என்று வாசலிலேயே கத்தினேன். "அப்பா, கிளம்பறதுக்கு முன்னாடி ஆயில் பார்த்தேன், சரியாத்தான் இருந்துச்சு" என்று நீ சொன்னாய். "உன் கையில எதைக் குடுத்தாலும் உருப்படாது" என்று நான் சொன்னேன். கட்டிக்கொள்ளப் போகிற யெல்டோ பக்கத்தில் நிற்கும்போதே சொன்னேன். மறுவாரம், முப்பதாம் தேதி கல்யாணத்தன்று சர்ச்சுக்கு யெல்டோவின் மாமா வண்டியிலேயே போய்க்கொள்வதாக அம்மாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டாய். பத்து வயதிலிருந்து இந்த வண்டியில்தான், நான்தான் ஓட்டவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நீ.

அப்புறம் என்ன செய்தேன் தெரியுமா? ஆயில் அழுத்தத்தை மீட்டருக்குச் சொல்கிற சென்சார் மேல் சந்தேகப்பட்டுப் புதுசு வாங்கிப் போட்டேன். முள் அசையவில்லை. இன்னொன்று போட்டேன். அதற்கும் அசையவில்லை. மே மாதம் பழையது ஒழுகுகிறதென்று மாற்றியதையும் சேர்த்தால் மூன்று. இந்த எஞ்சினைக் கட்டியவன் அந்தச் சனியனை ஃபில்டருக்குப் பின்னால், குழந்தைக் கைகூட நுழையாத இடத்தில் வைத்திருக்கிறான். என் விரல் முட்டியில் தோலே இல்லை. உதிரிபாகம் விற்பவன் போனில், "சார், உங்க எஞ்சின்தான் போயிருக்கும்" என்று வேறு ஆறுதல் சொன்னான். எஞ்சினைக் கழற்றிவிடுவதென்றே முடிவு செய்தேன்.

நேற்று எதிர்வீட்டு ஓக்கோ வந்தான். சென்சாரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கம்பி கிம்பி இல்லாத கைமீட்டரை மாட்டினான். அழுத்தம் முழுசாக இருந்தது. கழற்றிய சென்சாரைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தான் பார், பத்து நிமிஷம் நிறுத்தவில்லை. "ஏண்டா ஹார்ம், மின்சாரம் இந்த மரை வழியாத்தான் எஞ்சினுக்குப் போகணும். நீ பாத்ரூம் குழாய்க்குச் சுத்தற மாதிரி டேப் சுத்தி அதை அடைச்சு வச்சிருக்கே" என்றான்.

முப்பத்தெட்டு வருஷம் குழாய் வேலை பார்த்த கை. மரையைக் கண்டால் தானாக வெள்ளை டேப்பைத் தேடுகிறது. மே மாதமும் சுற்றியிருக்கிறேன். எங்கோ இரும்பும் இரும்பும் கொஞ்சம் தொட்டுக்கொண்டிருந்ததால் சில நாள் வேலை செய்தது. நீ எடுத்துப்போன அன்று அதுவும் விட்டுப்போயிருக்கிறது. முள் எழும்பவில்லை என்று மூன்றாவதற்கு இரண்டு சுற்று அதிகமாகவே சுற்றினேன், மடையன். டேப்பை உரித்துவிட்டுப் போட்டதும் முள் ஜம்மென்று எழுந்து நின்றது.

நீ ஆயில் பார்த்திருக்கிறாய். ஒழுங்காக ஓட்டியிருக்கிறாய். உன்னை நம்பாதது என் தப்பு. யெல்டோவுக்கு எதிரில் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. இதை அவனுக்கும் படித்துக் காட்டு.

அம்மாவிடம் ராத்திரியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காலையிலும் இரண்டு கோப்பைதான்.

முப்பதாம் தேதி நீ சொன்னால் ஓட்டுகிறேன். வேண்டாம் என்றால் நீயே ஓட்டு, நான் பின்சீட்டில் வாயைத் திறக்காமல் வருகிறேன். அதுவும் வேண்டாம் என்றால் சர்ச்சில் கடைசி வரிசையில் நின்றுகொள்கிறேன்.

உறையில் இருப்பது வண்டிச் சாவி. இதற்கு மாற்றுச் சாவி கிடையாது, உனக்கே தெரியும். இனி நீ வீட்டுக்கு வந்தால்தான் வண்டி நகரும்.

எங்கிருந்தாலும் நன்றாக இரு, மகளே.

உன் அப்பா,
ஹார்ம்