விளையாட்டுப் பெட்டியின் கறுப்பு ஓரம்

அன்று குளித்த பிறகும் கையை விட்டுப் போகவில்லை, சூடு காட்டிய பிளாஸ்டிக்கின் வாசம். நீங்கள் இருந்திருந்தால், "ஹேர் டிரையரை என் பெட்டிக்குப் பிடிச்சியா? என் தலைக்குக்கூடப் பிடிச்சதில்லையே" என்று கேட்டிருப்பீர்கள். பிடிக்கிற மாதிரி அங்கே என்ன இருந்தது என்று நானும் கேட்டிருப்பேன்.

ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் திருமலைக்குச் சேவைக்குப் போனார்கள். நீங்கள் பிளைவுட் வாங்கி வந்தீர்கள். கடைகளில் காசு போட்டு நின்றபடி ஆடுவார்களே, அந்த வீடியோ கேம் பெட்டியை வீட்டிலேயே செய்யப் போவதாகச் சொன்னீர்கள். செய்தும் விட்டீர்கள். திரை, பொத்தான்கள், சிவப்பு உருண்டை வைத்த கைப்பிடி எல்லாம் வந்தன. விளிம்புகள் மட்டும் வெறும் பலகையாகச் சிராய்களோடு நின்றன.

"ஓரம் மடித்துத் தைக்காத ரவிக்கையை நான் போடுவேனா? ஓரம் மூடாத பெட்டி கூடத்துக்குள் வராது" என்றேன். "உத்தரவு, மேடம்" என்று ஸ்கூட்டர் ஷெட்டில் வைத்தீர்கள். ஓரத்தை மூட வாங்கிய கறுப்பு பிளாஸ்டிக் பட்டை, அந்த பீடிங் சுருள், ஆணியிலேயே தொங்கியது. நீங்கள் கொசுக்கடியில் நின்று ஆடினீர்கள். போன ஐப்பசியில் நீங்கள் போகும்வரை நானும் என் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

போன மாதம் ஸ்ரீசிட்டியிலிருந்து நம் மகன் போன் செய்தான். புதுக் காரை நிறுத்த ஷெட் வேண்டுமாம்.

"பெட்டியைப் பிரிச்சுப் பலகையை ஆசாரிகிட்ட குடுத்துடலாம்மா. கூடத்துலயும் நீ விடமாட்டியே."

என் சட்டத்தை எனக்கே எடுத்துக் காட்டினான். அதை ரத்து செய்வதா, நானா? ஞாயிற்றுக்கிழமைக்குள் ஓரத்தை மூடிப் பெட்டியைக் கூடத்தில் நிறுத்திவிடுவது என்று முடிவெடுத்தேன்.

பெட்டியை நகர்த்துவதற்குக் கங்காதர நெல்லூர் ஆசாரி வந்தார். அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பூஜை மண்டபம் ஷோக்கா கீதும்மா. சாமி எங்க?"

"இது கேம் ஆடுவதற்கு."

"பர்வாலேதும்மா" என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

பீடிங்கைத் தானே அடித்துத் தருவதாகச் சொன்னார். நான் விடவில்லை. விளிம்பு நெடுக நீங்கள் அறுத்து வைத்திருந்த காடிப் பள்ளத்தில் பீடிங்கின் உள்பக்க வாலைச் செருகி ரப்பர் சுத்தியால் தட்ட வேண்டும், வளைவில் சூடு காட்ட வேண்டும், அவ்வளவுதானே. ஆசாரி பெட்டியைச் சாய்த்துப் பிடித்தார், நான் தட்டினேன்.

"வெய்யில்ல கெடந்து நீண்டுக்கினு கீது. ரெண்டு விரல் கூடவே வுட்டு வெட்டும்மா. ஆறினா சுருங்கிடும்."

"என் அளவு தப்பாது" என்றேன். கான்வென்ட் தையல் வகுப்பில் சிஸ்டர் விரல் முட்டியில் ஸ்கேலால் தட்டிச் சொல்லிக்கொடுத்த அளவு அது. என் வேலை எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று, இரண்டு பக்கப் பலகையிலும் திரைக்கு மேலே தொடங்கிச் சுற்றி வந்து, அங்கேயே மயிரிழை இடைவெளி இல்லாமல் முடித்தேன். பெட்டி கூடத்துக்கு வந்தது. ஆசாரி காபி குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பார்த்தால், பீடிங் சுருங்கி விரல் அகலத்துக்குப் பலகை பல்லை இளித்துக்கொண்டிருக்கிறது. என் துல்லியத்தைக் குறை சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் ஒரே அளவு இடைவெளி. சுருளில் மிச்சம் ஒரு சாண்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்த மகன் நேராக அங்கேதான் பார்த்தான்.

"யாரும்மா இப்படி வெட்டினது? நீயா?"

"வெட்டி வச்சிருந்தது உங்க அப்பா. நான் அடிச்சேன், அவ்வளவுதான்."

நான் சொன்னேனா, வாய் சொன்னதா, தெரியவில்லை. அவன் அந்த இடைவெளியில் விரலை வைத்துப் பார்த்தான்.

"அப்பா வெட்டினதா? அப்ப அப்படியே இருக்கட்டும். எந்த ஆசாரியையும் தொட விடாதே. பெட்டி இங்கயே இருக்கட்டும்."

உண்மையைச் சொல்லிவிட இரண்டு முறை வாயைத் திறந்தேன். சொன்னால் புதுச் சுருள் வாங்கி வருவான். அழகாக முடிந்துவிடும். பிறகு அவன் வரும்போதெல்லாம் அங்கே விரல் வைக்க மாட்டான். வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது வருகிறவர்களிடமெல்லாம், "அப்பாவுக்கு அளக்கவே வராது" என்று சிரித்துக்கொண்டே காட்டுகிறான். மில்லிமீட்டர் பார்த்து அறுத்தவர் நீங்கள். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன். என்னை மன்னிக்க வேண்டும்.

அளவு தப்பியது எனக்குத்தான். ஆசாரிக்குத் தெரியும், ஆனால் அவரிடம் நான் ஒப்புக்கொள்ளவில்லை. உங்களிடம் மட்டும் சொல்லிவிட்டேன்.